பக்கத்து காலி நிலத்துல என்ன வரும்னு யாரு முடிவு பண்றாங்க?

சிங்கப்பூர்ல பிடிஓ வீடு (முன்பதிவுக்கு அப்புறம் அரசு கட்டிக் கொடுக்குற அடுக்குமாடி வீடு) எடுக்கப் போறவங்க ஃப்ளோர் பிளானை மணிக்கணக்கா பாப்பாங்க. எந்த மாடி, சாயங்கால வெயில் அடிக்குமா, சாமி மேடையை எங்க வைக்கலாம், எம்ஆர்டி ரயிலுக்கு நடக்க எவ்வளவு நேரம்னு எல்லாத்தையும் யோசிப்பாங்க. ஆனா ஜன்னலுக்கு வெளிய தெரியுற அந்தப் பச்சை நிலம் யாரோடது, இன்னும் பத்து வருஷத்துல அங்க என்ன நிக்கும்னு பாக்குறவங்க ரொம்பக் கம்மி. அப்புறம் ஒருநாள் சுத்தி தடுப்பு அடிச்சு பைலிங் மிஷின் (அஸ்திவாரத் தூண் இறக்குற மிஷின்) வந்து நின்னதும் பிளாக் வாட்ஸ்அப் குரூப்ல "ஐயையோ வியூ போச்சே"ன்னு புலம்பல் ஆரம்பிச்சிடும். பாதி நேரம் பாத்தா அந்த நிலம் பல வருஷமாவே அரசாங்க வரைபடத்துல "குடியிருப்பு"ன்னு கலர் அடிச்சேதான் கிடந்திருக்கும், யாரும் திறந்து பாத்திருக்க மாட்டாங்க.

அந்தக் கலரை யாரு அடிக்கிறாங்க, எந்த அதிகாரத்துல அடிக்கிறாங்க, அவங்களுக்கு மேல யாரு கீழ யாருங்கிறதுதான் இந்தக் கட்டுரை. ஸ்பேஷியல் பிளானிங், நிலத் திட்டமிடல், எப்படி வேணா சொல்லுங்க. எந்த இடத்துல எது வரணும், எவ்வளவு வரணும், எப்ப வரணும்னு முன்கூட்டியே முடிவு பண்றதுதான் அது. ரோடு, வீடு, தொழிற்சாலை, கோயில், இடுகாடு, சாக்கடை, ராணுவ முகாம் எல்லாமே ஒரே நிலத்துக்குத்தான் போட்டி போடுது, அந்தப் போட்டியைக் கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடியே காகிதத்துல தீத்து வைக்கப் பாக்குறாங்க, அவ்வளவுதான்.

இதுல எதுக்கு பல நிலை அரசாங்கம்? ஒரே ஆள் உக்காந்து மொத்தத்தையும் வரைஞ்சா ஆகாதா? ஒரு பேட்டையில பிள்ளைங்க விளையாடுற இடம் எங்க வரணும்னு அந்தப் பேட்டைக்காரங்களே முடிவு பண்ணிக்கலாம், அதனால நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. விமான நிலையம்னு வந்தா கதை வேற. எல்லாருக்கும் ஃப்ளைட் வேணும், ஆனா ரன்வே பக்கத்துல குடியிருக்க எவனும் வரமாட்டான், ஊர் ஊரா ஓட்டு போடச் சொன்னா எல்லா ஊரும் "பக்கத்து ஊர்ல வை"ன்னுதான் சொல்லும். ஆத்துத் தண்ணியும் அப்படித்தான், மேல இருக்கிற ஊரு ஆத்தங்கரையில ஃபேக்டரிக்கு அனுமதி கொடுத்தா குடிக்கிறது கீழ இருக்கிற ஊரு. அதனால பொதுவா ஒரு முடிவோட பாதிப்பு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரத்துக்குப் பொறுப்புள்ள அரசாங்கம் அதை எடுக்கணும்னு வச்சிருக்காங்க. மேல இருக்கிறவங்க பெரிய கோடு போடுவாங்க, கீழ இருக்கிறவங்க அந்தக் கோட்டுக்குள்ள விவரமா வரைவாங்க, கீழ போடுற பிளான் மேல இருக்கிற பிளானுக்கு முரணா இருக்கக் கூடாது. ஜெர்மனி மாதிரி சில நாடுகள்ல இன்னொரு விதியும் உண்டு, மேல இருக்கிறவங்களும் கீழ உள்ளவங்களோட பிளானைக் கணக்குல எடுத்துக்கிட்டுதான் வரையணும், அதாவது பேச்சு ரெண்டு பக்கமும் ஓடணும்.

நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச உதாரணம் ஊர் மனைதான். இங்க வேலை பாக்குற தமிழ்க்காரங்க ஃபோன்ல "டிடிசிபி அப்ரூவ்டு", "சிஎம்டிஏ அப்ரூவ்டு"ன்னு மனை விளம்பரம் வராத வாரம் கிடையாது. அந்த ரெண்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்குற தமிழ்நாட்டு அரசு அமைப்புங்க, அதுக்குப் பின்னாடியும் ஒரு அடுக்கு இருக்கு. இந்திய அரசியல் சட்டப்படி நிலம் மாநிலப் பட்டியல்ல வருது, அதனால டில்லி நேரா வந்து உங்க ஊர் நிலத்துக்குக் கலர் அடிக்க முடியாது, திட்டம் போட்டு காசு கொடுக்கலாம், வழிகாட்டி வெளியிடலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுல 1971-ல வந்த நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ, மத்த இடத்துக்கு டிடிசிபி. அதுக்குக் கீழதான் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து எல்லாம். 1992-ல வந்த 74-வது திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சிக்கு மாத்தலாம்னு வழி பண்ணிச்சு, ஆனா நடைமுறையில சாவி இன்னமும் பெரும்பாலும் மாநில அமைப்புகள் கையிலதான் இருக்கு.

இந்த அடுக்குல ஒரு படி விட்டுப்போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனையை விட நல்ல பாடம் கிடைக்காது. பல வருஷமா விவசாய நிலத்தைக் கூறு போட்டு, கல்லு நட்டு, பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட ஒரு சீல் வாங்கிட்டு வித்துக்கிட்டே இருந்தாங்க. லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்குற அதிகாரம் பஞ்சாயத்துக்குத் தனியா கிடையாது, மேல இருக்கிற டிடிசிபியோ சிஎம்டிஏவோ பாக்கணும், ரோடு அகலம் எவ்வளவு, பூங்காவுக்கு இடம் விட்டிருக்காங்களா, மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகும்னு பாக்குறதுதான் அந்த மேல்நிலையோட வேலையே. அது பாக்காம வித்த மனையில வீடு கட்டினவங்க மழைக்காலத்துல முழங்கால் தண்ணியில நின்னாங்க. 2016 செப்டம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு உத்தரவு போட்டப்பதான், சிங்கப்பூர்ல ஓவர்டைம் பாத்து மனை வாங்கி வச்சிருந்த எத்தனையோ பேருக்கு கையில இருக்கிற சீல் எந்த நிலையில இருக்கிறவர் போட்டதுங்கிற கேள்வியே முதல்முறையா வந்துச்சு. அப்புறம் 2017-ல வரன்முறைத் திட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து காசு கட்டி சரி பண்ணிக்க வழி விட்டாங்க.

பாலம் தாண்டினா மலேசியா, அங்க அடுக்கு இன்னும் தெளிவா சட்டத்துலயே எழுதியிருக்கு. 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி நாட்டுக்கு தேசியத் திட்டம், மாநிலத்துக்கு கட்டமைப்புத் திட்டம், ஊராட்சி மன்றத்துக்கு உள்ளூர்த் திட்டம்னு மூணு நிலை. ஆனா நிலம் மாநிலத்தோட விஷயம், அதனால புத்ராஜெயாவுல இருக்கிற மத்திய அரசு ஒண்ணு நினைச்சாலும் ஜோகூர் மாநிலம் தலையாட்டாம அங்க ஒரு கல்லு நகராது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில ஜோகூர் ரயில் பத்தி பேசும்போது திரும்ப வரும்.

இப்ப சிங்கப்பூர். இங்க மாநிலம் கிடையாது, மாவட்டம் கிடையாது, ஊராட்சி கிடையாது. மொத்த நிலமே சுமார் 735 சதுர கிலோமீட்டர், பழைய சென்னைப் பெருநகரப் பகுதியே 1,189 சதுர கிலோமீட்டர், இப்ப அதையும் பல மடங்கு விரிச்சிட்டாங்க. ஒரே அரசாங்கம்தான். எப்பவும் அப்படி இருந்துச்சான்னா இல்ல, 1950கள்ல சிட்டி கவுன்சில்னு ஒண்ணு தனியா இருந்துச்சு, 1957-ல மக்கள் ஓட்டு போட்டு வந்த கவுன்சிலும் மேயரும் கூட இருந்தாங்க. 1959-ல தன்னாட்சி வந்தப்ப அந்த கவுன்சில் வேலையெல்லாம் அரசாங்கத்துக்குள்ளயே இழுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு ஒரு நிலை காணாமப் போனதோட பலன் இன்னைக்கு வரைக்கும் நம்ம பிளாக் வாசல்ல தெரியுது, நல்லதும் கெட்டதும்.

அப்ப இங்க அடுக்கே இல்லையா? இருக்கு, ஆனா அரசாங்கங்களுக்கு நடுவுல இல்ல, காலத்துல இருக்கு. மேல் நிலை 40, 50 வருஷத்தைப் பாக்குது, நடு நிலை 10லிருந்து 15 வருஷம், கீழ் நிலை இன்னைக்கு அதிகாரி மேசைக்கு வந்திருக்கிற விண்ணப்பம். மத்த நாட்டுல "இது மத்திய அரசு வேலை, இது நகராட்சி வேலை"ன்னு பிரிக்கிற இடத்துல இங்க "இது தூரத்து முடிவு, இது கிட்டத்து முடிவு"ன்னு பிரிச்சிருக்காங்க. இதைப் புடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

மேல் நிலைக்கு முன்னாடி கான்செப்ட் பிளான்னு பேரு, இப்ப நீண்டகாலத் திட்டம்ங்கிறாங்க. முதல்ல வந்தது 1971-ல. அதுக்கு முன்னாடி 1958-ல காலனி ஆட்சிக் காலத்துப் பெருந்திட்டம் ஒண்ணு இருந்துச்சு, ஊரு மெதுவா வளரும்னு நினைச்சுப் போட்டது. ஊரு அப்படி வளரல. 60களோட ஆரம்பத்துல ஐநாவுல இருந்து வந்த நிபுணர்கள் இது பத்தாதுன்னு சொன்னாங்க, 1967லிருந்து நாலு வருஷம் ஐநா உதவியோட உக்காந்து வேலை பாத்து புதுசு போட்டாங்க. 1970 கணக்கெடுப்புல இங்க இருந்தது சுமார் 20 லட்சம் பேரு, அந்த பிளான் கணக்கு போட்டது 40 லட்சம் பேருக்கு. நடுவுல நீர்ப்பிடிப்புப் பகுதியை அப்படியே காடா விட்டுட்டு, அதைச் சுத்தி வளையமா புதுநகரங்கள், மேற்கே ஜூரோங்ல தொழில், கிழக்கே சாங்கியில விமான நிலையம், நடுவுல விரைவுச்சாலைகள், பெரிய ரயில் பாதை ஒண்ணு. இன்னைக்கு எம்ஆர்டி வரைபடத்தை எடுத்துப் பாத்தா அந்த வளையம் கிட்டத்தட்ட அப்படியே தெரியும்.

ரயில் விஷயம்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. 1971-ல ரயிலுக்குன்னு பாதை யோசிச்சு வச்சாச்சு, ஆனா ரயில் வேணுமா பஸ்ஸே போதுமான்னு அந்தப் பத்து வருஷமும் அமைச்சரவைக்குள்ளயே சண்டை, 1982-லதான் கட்டுறதுன்னு முடிவாச்சு, 1987 நவம்பர்லதான் முதல் ரயில் ஓடிச்சு. அதுக்குள்ள அங் மோ கியோ, பிடோக்னு எத்தனையோ நகரங்கள் எழும்பிடுச்சு. அந்தப் பாதைக்கான இடத்தை ஒதுக்கி வைக்காம அங்கெல்லாம் பிளாக் கட்டியிருந்தா 1982-ல ரயில் வேணும்னு முடிவு பண்ணியும் என்ன பிரயோஜனம், வீடு வீடா இடிக்கணும். தூரத்து நிலை செய்யற முக்கியமான வேலையே இதுதான், எதையும் கட்டாம இடத்தைப் புடிச்சு வைக்கிறது.

1991-ல அடுத்த பெரிய திருத்தம் வந்தப்ப, எல்லாரும் நகர மையத்துல இருக்கிற ராஃபிள்ஸ் பிளேஸுக்கே போய் நெரியக் கூடாதுன்னு தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட், சிலேத்தார் நாலையும் வட்டார மையங்களாக் குறிச்சாங்க. தெம்பனிஸ் சீக்கிரம் வந்துச்சு, ஜூரோங் இன்னமும் வந்துக்கிட்டிருக்கு, சிலேத்தார் அந்த உருவத்துல வரவே இல்ல. ஆக மேல் நிலை பிளான்ல இருக்கிறது எல்லாம் நடக்கும்னு அர்த்தம் இல்ல. இதுல இன்னொரு நுணுக்கம், இந்த நீண்டகாலத் திட்டத்துக்கு சட்ட பலம் கிடையாது, அதைக் காட்டி உங்க நிலத்துல இதைக் கட்டு அதைக் கட்டாதேன்னு யாரும் சொல்ல முடியாது.

சட்ட பலம் இருக்கிறது அடுத்த நிலைக்கு, பெருந்திட்டம், எல்லாரும் சொல்ற மாதிரி மாஸ்டர் பிளான். இதை வச்சிருக்கிறது நகர மறுசீரமைப்பு ஆணையம், யூஆர்ஏ. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் திருத்துவாங்க, கடைசி டிராஃப்டை 2025 ஜூன்ல பொதுமக்கள் பார்வைக்கு வச்சாங்க. தீவை 5 வட்டாரமா, 55 திட்டமிடல் பகுதியா பிரிச்சு ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு கலர், பல துண்டுகளுக்குக் கூடவே ஒரு நம்பரும் உண்டு. நீலம் வணிகம், பச்சை பூங்கா, வெளிர் ஆரஞ்சு மாதிரி இருக்கிறது குடியிருப்பு. அந்த நம்பர்தான் பிளாட் ரேஷியோ, நிலத்தோட அளவைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம்ங்கிற கணக்கு. 10,000 சதுர மீட்டர் நிலத்துல 2.8னு போட்டிருந்தா 28,000 சதுர மீட்டர் கட்டலாம், ஒரு வீட்டுக்கு எல்லாம் சேத்து 100 சதுர மீட்டர்னு தோராயமா வச்சா 280 வீடு. அதே நிலத்துல 1.4னு இருந்தா பாதிதான். நிலத்தோட விலையே அந்த ஒத்த நம்பர்ல தொங்குது.

வரைபடம் பாக்குறவங்க ஏமாறுற ரெண்டு இடம் சொல்றேன். ஒண்ணு மஞ்சள், ரிசர்வ் சைட்னு பேரு. இப்போதைக்கு என்னன்னு முடிவு பண்ணல, பின்னாடி பாத்துக்கலாம்னு அர்த்தம், பூங்கான்னு அர்த்தம் இல்ல. அங்க மரம் இருக்கலாம், பறவை இருக்கலாம், ஏஜெண்ட் "ஃபாரஸ்ட் வியூ"ன்னு கூவலாம், ஆனா அது காத்துக்கிட்டிருக்கிற நிலம். இன்னொண்ணு குடியிருப்புக் கலர் அடிச்சு, நம்பர் போடாம, "விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது"ன்னு எழுதியிருக்கிறது. வீடு வரும்ங்கிறது முடிவாயிடுச்சு, எத்தனை மாடிங்கிறதுதான் பாக்கி. ஜன்னல்ல தெரியுற காடு இந்த ரெண்டுல ஒண்ணா இருந்தா, காட்டுக்குன்னு சொல்லி அதிக விலை கொடுக்காதீங்க.

கலரும் நம்பரும் வந்தாச்சு, அடுத்தது கீழ் நிலை. யாராவது கட்டணும்னா யூஆர்ஏகிட்ட எழுத்துமூல அனுமதி வாங்கணும், அப்புறம் கட்டட உறுதிக்கு ஒரு இடம், தீயணைப்புக்கு ஒரு இடம். லிட்டில் இந்தியா மாதிரி 1989-ல பாதுகாப்புப் பகுதியா அறிவிச்ச இடம்னா முகப்பு, ஓடு, அஞ்சடிப் பாதை (கடைக்கு முன்னாடி கூரைக்குக் கீழ வர்ற நடைபாதை) எல்லாத்துக்கும் தனி விதி, சிராங்கூன் ரோட்டுல கடைவீட்டை வாங்கிட்டோம்னு நம்ம இஷ்டத்துக்கு முன்பக்கத்தை இடிச்சுட்டு கண்ணாடி போட முடியாது. கட்டவே இல்ல, உள்ள நடக்குற தொழிலை மட்டும் மாத்துறோம்னாலும் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி தேவைப்படலாம். இந்தத் திட்டமிடல் நம்ம வீட்டுக்குள்ளயே வந்துடுது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விக்கிற அக்கா வீட்டுத் தொழில் திட்டத்துக்குள்ள வர்றதாலதான் நிம்மதியா சுடுறாங்க, ஆனா வெளி ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசல்ல போர்டு மாட்டக் கூடாது. வீட்டுல டியூஷன் எடுத்தா ஒரு நேரத்துல மூணு பிள்ளைங்கதான். குடியிருப்புன்னு கலர் அடிச்ச இடம் குடியிருப்பாவே இருக்கணும்ங்கிற அதே யோசனை, 50 வருஷ பிளான்ல இருந்து அடுப்படி வரைக்கும் இறங்கி வந்திருக்கு.

சரி, ஒரே அரசாங்கம்னா சண்டையே இல்லையான்னா, சண்டை அமைப்புகளுக்கு நடுவுல. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு வீடு கட்ட இடம் வேணும், நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு ரோடு வேணும், தேசியப் பூங்காக் கழகத்துக்கு மரம் வேணும், தண்ணி விஷயம் பாக்குற பியூபிக்கு கால்வாய், தொழிற்பேட்டை பாக்குற ஜேடிசிக்கு ஃபேக்டரி, ராணுவத்துக்குப் பயிற்சி நிலம். இவங்க எல்லாரோட ஆசையையும் கூட்டினா தீவு பத்தாது. அதனால பெருந்திட்டத்துக்கு முன்னாடி எல்லா அமைப்பும் யூஆர்ஏவோட உக்காந்து பேரம் பேசுது, முடியலன்னா அமைச்சரவைக்குப் போகும். பாய லேபார் விமானத் தளத்தை எடுத்துக்கோங்க. தளம் இருக்கிற வரைக்கும் விமானம் இறங்குற பாதையில உயரக் கட்டுப்பாடு, அதனால ஹவ்காங், பொங்கோல் பக்கமெல்லாம் இவ்வளவு மாடிதான்னு ஒரு மூடி. 2030கள்ல தளத்தை எடுக்க ஆரம்பிக்கிறோம்னு சொன்னப்ப சுமார் 800 ஹெக்டேர் கிடைக்கும், பிற்பாடு 1,50,000 வீடு வரலாம்னாங்க. தற்காப்பு அமைச்சு எடுக்குற ஒரு முடிவு பொங்கோல்ல ஒரு பிளாக்கோட மாடி எண்ணிக்கையை மாத்துது. வேற நாட்டுல இதுக்கு மத்திய அரசும் மாநிலமும் நகராட்சியும் வருஷக்கணக்கா லெட்டர் எழுதிக்கணும்.

இங்க நிறைய பேருக்கு ஒரு குழப்பம், நகர மன்றம் என்ன பண்ணுது, மேயர் என்ன பண்றாருன்னு. நகர மன்றங்கள் 1988 சட்டத்துல வந்தவை, எம்பிதான் நடத்துவாரு, பேருல நகரம் இருக்கே தவிர திட்டமிடல் அதிகாரம் கிடையாது. லிஃப்ட், வாய்ட் டெக் (பிளாக்கோட தரைத்தளத் திறந்த இடம்), குப்பை, பெயிண்ட், கூரை போட்ட நடைபாதை, இதெல்லாம் அவங்க. பக்கத்து நிலத்தோட கலரை மாத்த அவங்களால முடியாது, எம்பியைப் பாத்து சொன்னா அவரு உரிய இடத்துக்கு லெட்டர் அனுப்புவாரு. அஞ்சு மேயர்களும் அப்படித்தான், அவங்க சமூக மேம்பாட்டு மன்றத்தோட தலைவருங்க, உதவித்திட்டம், பற்றுச்சீட்டு (வவுச்சர்), அந்த மாதிரி. லண்டன் மேயர் மாதிரி அவரு கையில ஊரு பிளான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு போய் நிக்காதீங்க.

பிளான் போட்டது போட்டபடி நடக்குறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, பல பேரு அதைச் சொல்ல மாட்டாங்க. இங்க நிலத்துல பெரும்பகுதி அரசாங்கத்தோடது. 1966-ல நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்துச்சு, அதை வச்சு கம்பம் (பழைய கிராமக் குடியிருப்பு), தோட்டம், கடைவீடுன்னு நிறைய எடுத்தாங்க, அந்தக் காலத்துல கொடுத்த நஷ்டஈடு சந்தை விலைக்குப் பக்கத்துலயே வராது, சந்தை விலைங்கிற அளவுகோல் வந்தது 2007-லதான். அது ஒரு பெரிய விலை, நிலத்தை விட்டுக் கொடுத்தவங்க கொடுத்த விலை. நிலம் கையில இருக்கிறதால அரசாங்கம் பெருந்திட்டத்துல போட்டதை டெண்டர் விட்டு விக்குது, வாங்குறவர் இத்தனை வருஷத்துக்குள்ள இதைக் கட்டணும்னு நிபந்தனையோட, பெரும்பாலும் 99 வருஷக் குத்தகைக்கு. தனியார் நிலமா இருந்து, நம்பர் 1.4லிருந்து 2.8ஆ ஏறி, உரிமையாளர் அதிகமாக் கட்டணும்னு வந்தா, ஏறின மதிப்புல ஒரு பங்கை நில மேம்பாட்டுக் கட்டணமா வாங்கிக்குவாங்க. ஊர்ல மாஸ்டர் பிளான் போட்டும் ரோடு வராம இருக்கே, ஏன்னா ரோட்டுக்குக் குறிச்ச இடம் நாப்பது பேரோடது, நாப்பது பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. பிளான் வரையுற திறமையில பெரிய வித்தியாசம் இல்ல, நிலம் யாரு கையில இருக்குங்கிறதுலதான் வித்தியாசம்.

இந்த வசதியெல்லாம் சரி, ஆனா எனக்கு ஒரு குறை உண்டு. பல நிலை இருக்கிற நாட்டுல "எங்க ஊருக்கு இது வேணாம்"னு சொல்ல ஒரு உள்ளூர் சபை இருக்கும், அது பிளானைத் தாமதப்படுத்தும், எரிச்சலா இருக்கும், ஆனா அந்த வாய் இருக்கும். இங்க அந்த நிலையே இல்லாததால பேட்டைக்காரங்க நேரா தேசிய அமைப்புகிட்டதான் பேசணும், அதுவும் பெரும்பாலும் கலர் அடிச்சு வருஷக்கணக்கா ஆனதுக்கு அப்புறம். டோவர் காடு அப்படித்தான். 33 ஹெக்டேர், 2003 பெருந்திட்டத்துலயே குடியிருப்புன்னு போட்டாச்சு, அப்ப யாரும் பெருசா பேசல. 2020 கடைசியில சுற்றுச்சூழல் ஆய்வு வெளிய வந்து வீடு கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சதும் கடிதம், மனு, நாடாளுமன்றப் பேச்சுன்னு ஒரே அமளி. 2021 ஜூலையில, கிழக்குப் பாதியில முதல்ல வீடு, உயிரினம் அதிகமா இருக்கிற மேற்குப் பாதியைத் தொடாம விட்டுட்டு சுமார் பத்து வருஷம் கழிச்சுப் பாப்போம்னு மாத்தினாங்க. ஆக மாத்த முடியும். ஃபேரர் பார்க் திடலும் 1998 பெருந்திட்டத்துலயே குடியிருப்பு. அங்க கிரிக்கெட்டும் பந்தும் விளையாடிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்கு டீ குடிக்க நடந்த எத்தனை பேருக்கு அது தெரியும்? 2021-ல 1,600 வீடுன்னு அறிவிச்சப்பதான் வருத்தம் வந்துச்சு, பேச்சுவார்த்தைக்கு அப்புறம் விளையாட்டு இடங்களையும் வீடுகளையும் கலந்து பண்றதா வந்து நின்னுச்சு.

ஒரே அரசாங்கம்ங்கிற சௌகரியம் முடியுற இடம் ஜோகூர் நீரிணை. அங்கதான் சிங்கப்பூரும் பல நிலை விளையாட்டுல உக்காரணும். கோலாலம்பூருக்குப் போற அதிவேக ரயிலுக்காக ஜூரோங் கண்ட்ரி கிளப் நிலத்தைக் கையகப்படுத்தினாங்க, கிளப் 2016-ல மூடிச்சு, அந்த வருஷக் கடைசியில ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டாங்க, 2020 டிசம்பர் 31ஓட அது முறிஞ்சே போச்சு. மலேசியா சுமார் 10.28 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) இழப்பீடு கொடுத்துச்சு, ஆனா கிளப் போனது போனதுதான், ஜூரோங் ஏரி வட்டாரத்தோட வரைபடத்தை ரயில் இல்லாம யோசிக்க வேண்டியதாச்சு. ஜோகூருக்குப் போற ஆர்டிஎஸ் ரயிலும் அதே மாதிரி ஆடிச்சு, 2018 ஜனவரியில ஒப்பந்தம், 2019-ல நிறுத்தம், 2020 ஜூலையில திரும்ப ஆரம்பம், இங்க உட்லண்ட்ஸ் நார்த்ல இருந்து அந்தப் பக்கம் ஜோகூர்ல புக்கிட் சாகாருக்கு 4 கிலோமீட்டர்தான், அதுக்கே இவ்வளவு. அந்தப் பக்கம் புத்ராஜெயா ஒத்துக்கணும், நிலம் தன்னோட விஷயம்னு ஜோகூரும் ஒத்துக்கணும், அங்க தேர்தல் முடிஞ்சு ஆட்சி மாறினா முதல்ல இருந்து பேசணும். 2025 ஜனவரியில ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு கையெழுத்தானதுக்கு அப்புறம் இந்த மாதிரிப் பேச்சு இன்னும் கூடத்தான் செய்யும், உட்லண்ட்ஸ்ல வீடு எடுக்குறவங்க ஜோகூர் செய்தியையும் படிக்கிறது நல்லது.

கடைசியா செய்ய வேண்டிய வேலை. யூஆர்ஏ ஸ்பேஸ்னு இலவச வரைபடம் இணையத்துல இருக்கு, அஞ்சல் குறியீட்டைப் போட்டா உங்க பிளாக் வரும். உங்க பிளாக்கை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, ஜன்னல் பாக்குற திசையில நாலஞ்சு துண்டைத் தட்டிப் பாருங்க. கலர் என்ன, நம்பர் என்ன, நம்பர் இல்லன்னா "விரிவான திட்டமிடல்"னு இருக்கா, மஞ்சளா, பள்ளிக்கூடத்துக்கா, வழிபாட்டு இடமா. ரோட்டோரம் அகலப்படுத்த இடம் விட்டிருக்காங்களான்னும் பாருங்க, சத்தம் அங்க இருந்துதான் வரும். டிராஃப்ட் வெளியிடுற சமயத்துல கருத்து சொல்ல ஒரு காலக்கெடு கொடுப்பாங்க, சொல்றதா இருந்தா அப்பவே எழுதுங்க, பைலிங் மிஷின் வந்த பின்னாடி எழுதுற லெட்டருக்கு மரியாதையான பதில் மட்டும்தான் வரும். ஊர்ல மனை வாங்குறவங்க லேஅவுட் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி டிடிசிபி, சிஎம்டிஏ ரெண்டுல எது கொடுத்ததுன்னு சரிபாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் அனுப்புங்க.